பதில்: ஓவர்டிராஃப்ட் வட்டி 39.9% ஆகிவிட்டது, கார்டுக் கடனை முதலில் அடைக்கலாமா?

வேண்டாம். கிரெடிட் கார்டுக்கு மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய மினிமம் மட்டும் கட்டிவிட்டு, மிச்சத்தை எல்லாம் ஓவர்டிராஃப்டில் (கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் வங்கி எடுக்க விடும் கடன்) போடுங்கள். கார்டு வட்டி 22% என்கிறீர்கள். 39.9 சதவீதத்தில் ஆயிரம் பவுண்டு மைனஸில் கிடந்தால் மாதம் கிட்டத்தட்ட 28 பவுண்டு வட்டிக்கே போய்விடும்.

உங்கள் கணக்கை மட்டும் குறிவைத்து ஏற்றியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் ஓவர்டிராஃப்டுக்குத் தினசரி, மாதாந்திரக் கட்டணம் கூடாது, ஆண்டு வட்டி மட்டும்தான் என்று 2020 ஏப்ரலில் விதி வந்தது. பல வங்கிகள் அந்த வட்டியை 40% பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டன.

ஸ்டேட்மென்ட்டில் ஒன்று பாருங்கள். சம்பளம் 28ஆம் தேதி, கார்டுக்கான டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம்) 20ஆம் தேதி என்று இருக்கிறதா? அப்படியென்றால் அந்த எட்டு நாளும் மைனஸ் கூடி வீண் வட்டி. தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கார்டு நிறுவனத்திடம் கேளுங்கள்.

அப்புறம் வங்கிக்குப் போன் செய்து, "கட்டச் சிரமமாக இருக்கிறது, வட்டியைக் குறையுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். ஆனால் ஓவர்டிராஃப்ட் லிமிட்டைக் குறைக்க வேண்டும் என்று வங்கி சொல்லலாம், உங்கள் கிரெடிட் ரெக்கார்டிலும் (கடன் வரலாறு) அது பதிவாகலாம்.

வாடகை, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) இரண்டையும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மினிமமே கட்ட முடியாவிட்டால் கடன் ஆலோசனை தரும் தொண்டு அமைப்புகளான ஸ்டெப்சேஞ்ச் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸிடம் பேசுங்கள், இலவசம்தான்.