இன்றைய ஷெர்லாக் ஹோம்ஸ், அந்தப் பழைய ஹோம்ஸ்தானா?

எழுத்தாளர் கோனன் டாயில் படைத்த துப்பறிவாளர் ஹோம்ஸை, பிபிசியின் 'ஷெர்லாக்' தொடர் இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தது. கைப்பேசியோடு திரியும் அந்த ஹோம்ஸ் அசல் ஹோம்ஸாக இருக்க முடியுமா என்பது கேள்வி. தழுவல் என்பது கதையை வரிக்கு வரி நகலெடுப்பதல்ல. அதன் நாயகனை வேறொரு காலத்தில் குடிவைப்பது.

மும்பை மாட்டுங்காவில் என் தாத்தா இப்போது காகிதக் கோப்பையில்தான் காபி வாங்கிக் குடிக்கிறார். டபரா இல்லையே என்று முகம் சுளித்தாலும், டிகாக்‌ஷன் சரியாக இறங்கியிருந்தால் அதைக் காபி என்று ஒப்புக்கொள்வார். ஹோம்ஸிடம் டிகாக்‌ஷன், அந்தக் கவனிக்கும் கண். 1887இல் வெளிவந்த முதல் கதையில், பின்னாளில் தோழராகும் மருத்துவர் வாட்சனைப் பார்த்ததுமே ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடிக்கிறார். 2010இல் தொடங்கிய அந்த பிபிசி தொடரில், "ஆப்கானிஸ்தானா, ஈராக்கா?" என்று கேட்கிறார். போர் வேறு, கண் அதேதான். தந்தியின் இடத்துக்குக் குறுஞ்செய்தி வந்ததும் பொருத்தமே.

பிசகுவது குணத்தில். கோனன் டாயிலின் ஹோம்ஸ் கர்வி. ஆனாலும் உதவி தேடி வரும் பெண்களிடம் கனிவாகவே பேசுவார். புதியவரோ எல்லோரிடமும் வெடுக்கென்று விழுகிறார். மேதைமையைச் சட்டென்று காட்டத் திரைக்கு முரட்டுத்தனம் சுலபமான குறுக்குவழி. எனக்கு அது உவப்பில்லை.

இன்னொன்று: அசலின் அடையாளமாகப் பலர் எதிர்பார்க்கும் "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" (இது வெகு சாதாரணம், அன்பு வாட்சன்) என்ற வசனம், கோனன் டாயில் எழுதிய 60 கதைகளில் ஒன்றில்கூட அப்படியே இல்லை.