ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லும் மாமியார்

போகாதீர்கள். மூத்தது பெண், இப்போது நாலாம் மாதம், "தெரிந்த இடத்தில் ஸ்கேன் பார்த்தால் சொல்லிவிடுவார்கள்" என்று மாமியார் கூப்பிடுகிறார், கணவர் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்கிற டாக்டர் மட்டுமல்ல, கேட்டுக் கூட்டிப்போகிற குடும்பத்தாரும் 3 ஆண்டு வரை சிறைக்குப் போகலாம். கர்ப்பிணியைக் கணவரும் உறவினரும் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். கணவரிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். அம்மாவிடம் பேச வேண்டியவர் அவர்தான்.

"உன் வயிற்றில் பெண்ணாகத்தான் தரிக்கும்" என்று மாமியார் சொன்னாராமே, படித்ததும் கோபம் வந்தது. தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம். அதோடு இன்னொரு எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். எக்ஸா ஒய்யா என்பது அப்பாவின் விந்தணுவில் வருவது, அதுவும் அவர் கையில் இல்லை.

மாமியாருக்கு என்ன பயம் என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கொள்ளி வைக்க ஆள், சொத்து, வயதான காலத்தில் ஒரு வாய்ச் சோறு, இதில் ஒன்றாக இருக்கும். சொத்துதான் என்றால், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது.

அப்புறம், இந்தச் சண்டையில் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு எல்லாம் சரியாக வளர்கிறதா என்று பார்ப்பது அதில்தான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சொல்கிற இடத்திலேயே எடுங்கள்.

மிரட்டல், அடி என்று போனால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், நடு இரவானாலும் எடுப்பார்கள்.