பட்டனே இல்லாத சண்டை

அன்புள்ள அண்ணா,
என் பத்து வயது மகன் பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டை டிவியில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். சண்டை விளையாட்டுகளில் இதுதான் முதலாவதா? கண்டபடி பட்டனைத் தட்டுவதில் மூளைக்கு என்ன வேலை? அந்த வன்முறையும் பயமாக இருக்கிறது.
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,
முதலாவது இல்லை. செகா என்ற ஜப்பானிய நிறுவனம் 1976-லேயே குத்துச்சண்டை வீடியோ கேம் மெஷின் ஒன்றை வெளியிட்டது. வன்முறைக்குப் பயந்தால் மகன் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

ஆனால் 'கண்டபடி' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரு வாரமாக நானும் இதே நினைப்பில்தான் இருக்கிறேன். 1984-இல் ஜப்பானின் டெக்னோஸ் நிறுவனம் செய்த 'கராத்தே சாம்ப்' என்ற விளையாட்டில் அடிக்கப் பட்டனே கிடையாது. ஆளுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். இரண்டையும் எந்தெந்தப் பக்கம் சேர்த்துத் தள்ளுகிறோமோ, அதற்கேற்ற உதை, அதற்கேற்ற குத்து. ஓர் அடி சரியாக விழுந்ததும் ஆட்டம் நிற்கும்; நடுவர் அரைப் புள்ளியோ முழுப் புள்ளியோ கொடுப்பார். கண்டபடி ஆட்டுகிறவன் அங்கே அடி வாங்கத்தான் வேண்டும்.

1987-இல் கேப்காம் நிறுவனத்தின் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்தபோது, ஒரு ரக மெஷினில் இரண்டே பெரிய ரப்பர் பட்டன்கள். குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று. ஓங்கி அடித்தால் பலமான அடி. ஆடுகிறவர்களுக்குக் கை வலித்தது. இன்னொரு ரகத்தில் அந்த இரண்டையும் ஆறாகப் பிரித்தார்கள்: லேசு, நடுத்தரம், பலம். அந்த ஆறுதான் 1991-இல் இரண்டாம் பாகத்துக்கும் வந்தது. லேசான குத்து சட்டென்று விழும், அதிகம் வலிக்காது. பலமானது வலிக்கும், தவறினாலோ நீட்டிய கை திரும்புவதற்குள் எதிராளி உள்ளே புகுந்துவிடுவான். எதை எப்போது அழுத்துவது என்று கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். இதுவா கண்டபடி? கொஞ்சம் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம் நீங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு வீடியோ கேம் பார்லர். டோக்கனுக்குக் காசில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ரியூ என்ற வீரனை வைத்து ஆடிய ஓர் அண்ணன் லீவரைக் கீழே, சாய்வாக, முன்னால் என்று ஒரே ஓட்டத்தில் உருட்டி, குத்துப் பட்டனைத் தொட்டார். ரியூவின் கையிலிருந்து நீலப் பந்து பறந்தது. அண்ணனின் முழங்கை அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் திரும்பியது. அப்புறம் தன் கடைசி டோக்கனை எனக்குப் போட்டுவிட்டு, என் கைமேல் கையை வைத்து, "தட்டாத தம்பி, உருட்டு" என்றார்.

இன்று உங்கள் மகனிடம் அந்த உருட்டலைக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாகத்தான் வரும், அவசரப்படுத்தாதீர்கள்.