இழுத்துப் பிடிக்கும் கை

அன்புள்ள ஐயா,

சவரக்கத்தியைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியவற்றைப் படித்துத்தான் ஏழு மாதங்களுக்கு முன் மடிப்புக் கத்திக்கு மாறினேன். வலது கன்னம் வசப்பட்டுவிட்டது. இடது கன்னம்தான் சிக்கல். வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் கண்ணாடியில் கத்தி தெரிவதில்லை, கைதான் தெரிகிறது. கைப்பிடி மூக்கில் இடிக்கிறது. காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில் வாரம் ஒருமுறையாவது வெட்டிக்கொள்கிறேன்.

ஆகவே இடக்கைக்கு மாற்றிப் பார்த்தேன். எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். கை நடுங்குகிறது. இடது கன்னத்தின் நடுவில் மூன்று கீறல்கள் விழுந்தன. எனக்கு வயது 41. இந்த வயதில் இடக்கை பழகுமா? பழகத்தான் வேண்டுமா? வாழ்நாள் முழுவதும் ஒரே கையால் சவரம் செய்பவர்கள் உண்டு என்கிறார்களே. இடக்கையால் பல் துலக்கிப் பழகினால் உதவும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்துவருகிறேன், பலன் தெரியவில்லை. தோல்வாரில் தீட்டுவதையும் இடக்கையால் செய்ய வேண்டுமா? கழுத்துக்கு எப்போது போகலாம்?

அன்புடன்,
த.

*

அன்புள்ள த.,

கீறல்கள் கன்னத்தின் நடுவில் விழுந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தாடை எலும்பின் மேல் விழவில்லை, கிருதாவுக்கு அடியிலும் விழவில்லை. நடுங்கும் கை என்றால் எல்லா இடத்திலும் அல்லவா வெட்டியிருக்க வேண்டும்? அந்த நேரத்தில் உங்கள் வலக்கை என்ன செய்துகொண்டிருந்தது?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. நானும் முதல் முயற்சியை இரண்டே வாரத்தில் கைவிட்டவன். ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் தொடங்கியபோது ஒரு காரியம் செய்தேன். காகிதத்தில் ஒரு முகத்தை வரைந்து வைத்துக்கொண்டு, வெட்டு விழுந்த இடத்தை அன்றன்றைக்கு ஒரு புள்ளியாகக் குறித்துவந்தேன். மூன்று வாரத்தில் ஒன்பது புள்ளிகள். ஒன்றுகூட எலும்பின் மேல் இல்லை. தோல் தானாகவே இறுகியிருக்கும் இடங்களில் என் இடக்கை ஒரு பிழையும் செய்யவில்லை. தோல் தொய்ந்த இடங்களில்தான் ஒன்பதும். அதுவரை இடக்கையைத் திட்டிக்கொண்டிருந்த நான் அன்றுதான் வலக்கையைக் கவனித்தேன். அது கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

சவரக்கத்திக்கு இரண்டு கைகள் வேண்டும். ஒன்று கத்தியை நடத்துகிறது, மற்றொன்று தோலை இழுத்துப் பிடிக்கிறது. தொய்ந்த தோல் கத்தியின் கூருக்கு முன்னால் சிறு மடிப்பாகக் குவியும், கூர் அந்த மடிப்பில் ஏறிவிடும். கீறல் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான். ஏழு மாதமாக உங்கள் இடக்கை இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிப்பதில்லை. கையை மாற்றியபோது கத்தி பழக்கமில்லாத கைக்குப் போனது, தோலும் பழக்கமில்லாத கைக்குப் போனது. ஒரே நாளில் இரண்டு புது வேலைக்காரர்கள். பழி ஒருவர் மேல் மட்டும் விழுந்திருக்கிறது.

கைகளின் வேலைப் பிரிவினை பற்றி ராபர்ட் செயின்பர்க் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார். பழகிய கை அசைவின் பாதையை வகுப்பதில் தேர்ந்தது, மற்றக் கை ஓரிடத்தில் அசையாமல் நிலைநிறுத்துவதில் தேர்ந்தது என்கிறார். ஆணி அடிக்கும்போது எந்தக் கை ஆணியைப் பிடிக்கிறது, எந்தக் கை சுத்தியலை ஓங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். இடக்கையை நாம் திறமையற்ற கை என்கிறோம். அதற்கென்று ஒரு திறமை இருக்கிறது, சவரத்தில் அது இத்தனை நாளும் உங்களுக்கு உழைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆகவே முதலில் வலக்கைக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கண்ணாடி முன் நின்று வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், விரல் நுனிகளை இடது கிருதாவுக்குச் சற்று மேலே வைத்து மேல்நோக்கி இழுங்கள். வலக்கை இப்படிப் போகவே முதலில் தயங்கும், தோள் வலிக்கும், விசித்திரமாகத் தோன்றும். கத்தி கீழே இறங்க இறங்க விரல்களும் இறங்க வேண்டும், சற்றுமுன் மழித்த இடத்திலேயே பதிந்து மேலே இழுக்க வேண்டும். தாடை திரும்பும் இடத்துக்கு வந்ததும் முகத்தை வலப்புறம் திருப்பி, தோலை நன்றாக மேலே இழுத்தால் தாடைக்கு அடியில் இருக்கும் தோல் எலும்பின் மேல் ஏறி வந்துவிடும். கத்தியைப் பள்ளத்துக்குள் அனுப்ப வேண்டியதில்லை, பள்ளத்தை மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். நீங்கள் வாரந்தோறும் வெட்டிக்கொள்ளும் அந்தக் காதடி இடத்துக்கு இதுதான் வழி. காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்துப் பின்புறமாகவும் கொஞ்சம் இழுக்கலாம். விரலில் நுரை பட்டால் வழுக்கும். படிகாரக் கட்டியை ஈர விரலால் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் பிடி நிற்கும். வாயில் காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பவைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. அது விரலுக்கு ஈடாகாது.

இதைக் கத்தியில்லாமல் ஒரு வாரம் பழகுங்கள். பிளேடு மாற்றும் வகைக் கத்தி இருந்தால் பிளேடைக் கழற்றிவிட்டு, இல்லையென்றால் ஒரு சீப்பின் முதுகால், நுரையை மட்டும் வழித்தெடுங்கள். நுரை போன பாதை கண்ணுக்குத் தெரியும். பாதை கோணினால் கை கோணியது என்று பொருள்.

இனி இடக்கை. நடுக்கத்துக்கு நான் கண்ட காரணம் இறுகப் பிடிப்பதுதான். பயந்தால் இறுக்குகிறோம், இறுக்கினால் நடுங்குகிறது. கட்டைவிரல் அடியில், மூன்று விரல்கள் மேலே, சுண்டுவிரல் கத்தியின் பின்முனையில் நீளும் வாலின் மேல். இதற்கு மேல் கத்திக்கு எதுவும் வேண்டாம். அதன் எடையே போதும், அழுத்தவே கூடாது. கோணம் சுமார் 30 டிகிரி. இதைக் கண்ணால் அளக்க இப்படிச் செய்யலாம்: கத்தி முதுகின் தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்கும் தோலுக்கும் இடையே அந்தத் தடிமனில் ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை இடைவெளி இருந்தால் சரி. வலக்கை இதைக் காதாலேயே அறிந்துவைத்திருக்கும். கோணம் சரியாக இருக்கும்போது மயிர் அறுபடும் ஒலி ஒரே சீராக வரும். இடக்கையால் செய்யும்போதும் அதே ஒலியைத் தேடுங்கள். காது இரண்டு கைகளுக்கும் பொதுவானது.

இடக்கைக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. மணிக்கட்டு பழகாததால், கத்தி கீழே இறங்கும்போது கை தன்னையறியாமல் வளைந்து, கூர் அதன் நீளவாக்கில் பக்கவாட்டில் நகரும். கூருக்கு நேர் குறுக்காக எவ்வளவு தூரம் இழுத்தாலும் தோல் தாங்கும். நீளவாக்கில் ஒரு நெல்மணி அளவு நகர்ந்தாலும் வெட்டிவிடும். ஆகவே மணிக்கட்டைப் பூட்டிவைத்ததுபோல் வைத்துக்கொண்டு முழங்கையிலிருந்து இறக்குங்கள், ஒவ்வொரு இழுப்பும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போக வேண்டாம். உங்கள் கத்தியின் முனை சதுரமாக இருந்தால் இந்தப் பழக்கத்துக்கு மட்டுமாவது வட்ட முனைக் கத்தி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கை நழுவிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். கத்தி போனால் போகட்டும்.

சவரத்தின் தொடக்கத்தில், நுரை புதிதாக இருக்கும்போதே, இடது கன்னத்தை இடக்கையால் ஒரே ஒரு முறை, மயிர் படியும் போக்கில் வழித்துவிட்டு, மிச்சத்தை வலக்கைக்கு விட்டுவிடுங்கள். முள் தங்கினால் தங்கட்டும். எதிர்ப்போக்கில் வழிப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாம். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் இடக்கையைத் தொடவே வேண்டாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிறு துளைக்குள் ஊசியை விளிம்பு தொடாமல் நுழைக்க வேண்டும். வலக்கையால் மட்டும் நாள்தோறும் பழகிய ஒருவரை, பழகி முடித்த பிறகு இடக்கையால் செய்யச் சொன்னபோது, பழகாத அந்தக் கையும் முன்பைவிடத் தேறியிருந்தது. கை கற்பதில் ஒரு பங்கு கைக்கு வெளியே, மூளையில் இருக்கிறது. உங்கள் வலக்கை ஏழு மாதம் கற்றதில் ஒரு பகுதி இடக்கைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். நாற்பத்தொன்று ஒரு வயதே அல்ல.

பல் துலக்குவதால் கெடுதல் இல்லை, பயனும் பெரிதாக இல்லை. அது அழுத்தித் தேய்க்கும் வேலை. கத்திக்கு வேண்டியது அழுத்தாமல் இருக்கும் பயிற்சி. அதைவிட நுரை பூசும் பிரஷை இடக்கையில் பிடிக்கலாம். முகத்தின் மேடு பள்ளமாவது அந்தக் கைக்குத் தெரியவரும்.

இடக்கை பழகத்தான் வேண்டுமா? கட்டாயம் இல்லை. முடிதிருத்தும் கலையின் பாடநூல்கள் முகத்தைப் பதினான்கு பகுதிகளாகப் பிரித்து, புறங்கை இழுப்பு உள்ளிட்ட நான்கு வகை இழுப்புகளால் ஒரே கையில் முடிக்கக் கற்றுத்தருகின்றன. ஆனால் நாவிதர் எதிரிலிருப்பவரின் தலையைத் திருப்பிக்கொள்ளலாம், தான் சுற்றி நகரலாம். நம் முகத்தை நாமே சுற்றிவர முடியாது. குறுக்கே போகும் வலக்கை பார்வையை மறைக்கிறது, கோணம் மாறுகிறது, அதே இடத்தில் மறுபடி மறுபடி வெட்டு விழுகிறது. உங்கள் காதடி உங்களுக்கே சொல்லிவிட்டது. ஒரு கையோடு நிம்மதியாக இருப்பவரிடம் நான் மாறச் சொல்ல மாட்டேன். உங்களிடம் சொல்வேன். (இதெல்லாம் இருபக்கமும் ஒரேமாதிரி தேய்த்த மடிப்புக் கத்திக்கு. கமிசோரி என்ற ஜப்பானியச் சவரக்கத்தியின் இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல் தேய்க்கப்பட்டவை அல்ல. அதைக் கைமாற்றிப் பிடிப்பது வேறு கணக்கு.)

தோல்வாரை வலக்கைக்கே விடுங்கள். முதுகின் மேல் புரட்டாமல் கூரின் மேல் ஒருமுறை புரட்டிவிட்டால் வாரும் கிழியும், கத்தியின் பதமும் போகும். அதை இரண்டு கைகளாலும் செய்வதில் முகத்துக்கு லாபம் எதுவும் இல்லை.

கழுத்துக்கு, கன்னத்தில் தொடர்ந்து பத்துச் சவரம் கீறலில்லாமல் முடிந்த பிறகு போகலாம். அங்கே மயிர் படியும் போக்கு இடத்துக்கு இடம் மாறும். முதலில் உலர்ந்த விரலால் தடவிப் பார்த்து வரைபடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டை முடிச்சின் மேல் நேராகக் கத்தியை விடாமல், தோலை ஒரு பக்கமாக நகர்த்தி மழிக்க வேண்டும். மோவாயையும் மேலுதட்டையும் நான் இன்றுவரை வலக்கையால்தான் மழிக்கிறேன். முகத்தின் நடுவில் அந்தக் கை எதையும் மறைப்பதில்லை, மாற்ற எனக்குக் காரணம் தோன்றவில்லை.

நீங்களும் ஒரு காகிதத்தில் முகம் வரைந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதும்போது எத்தனை புள்ளிகள் என்பதோடு எங்கெங்கே என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்