புனித ஜார்ஜ் சிலுவை அசலா? முதலில் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தையில் ஜார் காலத்து வீரப் பதக்கம் என்று ஒரு வெள்ளிச் சிலுவையை விற்கிறார்கள். முன்புறம் குதிரை வீரர் உருவமும் பின்புறம் ஆறு இலக்க எண்ணும் உள்ளன. அசல்தானா என்று எப்படி அறிவது? கறுத்திருப்பதால் மெருகு போடலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது, அதிகாரிகள் அல்லாத படைவீரர்களுக்காக ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் 1807-இல் ஏற்படுத்திய விருதின் வழியில் வந்த சிலுவை. 1856-இல் அது நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் இரண்டு நிலைகள் பொன், அடுத்த இரண்டும் வெள்ளி. புனித ஜார்ஜ் சிலுவை என்ற பெயர் 1913-இல்தான் அதிகாரபூர்வமாயிற்று. எண் வரிசையும் அப்போது புதிதாகத் தொடங்கியது. முதல் உலகப் போரில் நான்காம் நிலை மட்டுமே பத்து லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டதால், சந்தையில் அசல் கிடைப்பது வியப்பில்லை.

ஆயினும் எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பின்புற நடுவட்டத்தின் இருபக்கக் கைகளிலும் எண்ணும், கீழ்க்கையில் நிலையும் இருக்கும். அச்சுக்குத்தி அடித்த இலக்கங்களின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்தெடுத்த போலியில் அது மழுங்கி, சுற்றிலும் ஊசிமுனைத் துளைகள் தெரியும். எண்ணுள்ள இடம் மட்டும் பள்ளமாக இருந்தால், பழைய எண்ணை அராவிவிட்டு வேறு எண் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். போரின் இறுதிக் கட்டத்தில் வெள்ளிக்குப் பதிலாக மலிவான உலோகம் வந்தது. அவற்றில் 'வெள்ளை உலோகம்' என்பதன் ரஷ்ய முதலெழுத்துகள் இருக்கும். அவையும் அசலே, ஆனால் வெள்ளி விலை கொடுக்க வேண்டியதில்லை.

மெருகு வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளியின் இயல்பான படலம். தேய்த்தால் குதிரை வீரரின் முகமும் இலக்கங்களின் ஓரமும் சேர்ந்தே தேயும். ஆரஞ்சு, கறுப்பு நாடா புதிதாக இருந்தால் கவலைப்படாதீர்கள். துணி நைந்து மாற்றப்படுவது வழக்கம்.

சிலுவையை வாங்கினால் எண்ணையும் நிலையையும் குறித்துக்கொண்டு, பெற்றவர் பட்டியல்களில் தேடுங்கள். மாஸ்கோவிலுள்ள ரஷ்ய அரசு இராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்தில் அக்காலப் படைப்பிரிவு ஆவணங்கள் உள்ளன. எல்லா எண்ணுக்கும் பெயர் கிடைக்காது. கிடைத்தால், அது எந்த வீரரின் மார்பில் இருந்தது என்பதே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், உலோகத்தின் மதிப்பைவிட அதுவே பெரிது.

நூறாண்டு கடந்த பொருள் என்பதால், ஊருக்கு எடுத்துவரும் முன் ஜார்ஜியாவின் பண்பாட்டுத் துறையிடம் அனுமதி தேவையா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.