அண்ணனுக்கு எழுதிய சளி மருந்து தம்பிக்கு ஆகுமா?

குன்னூரில் ஒரு மெடிக்கலில் 22 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். பனி இறங்கியதும் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கேத்தி): அக்கா, பெரியவனுக்கு எட்டு வயசு. அவனுக்கு டாக்டர் எழுதின சளி சிரப் பாதி மிச்சம் இருக்கு. மூணு வயசு சின்னவனுக்கு அதுல பாதி அளவு குடுக்கட்டுமா?

வேண்டாம்மா. டாக்டர் குழந்தையின் எடையைப் பார்த்து மில்லிகிராமில் கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார். சளியை இளக்கும் அம்ப்ராக்ஸால் என்ற மருந்து 5 மில்லிக்கு 15 மி.கி. இருக்கும் சிரப்பும் உண்டு, 30 மி.கி. இருக்கும் சிரப்பும் உண்டு. சொட்டு மருந்தென்றால் ஒரே மில்லியில் 7.5 மி.கி. பாட்டில் மாறினால் அளவே இரட்டிப்பாகிவிடும். பல சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் லெவோசால்புட்டமாலும் சேர்ந்திருக்கும். கூடிப்போனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் சொன்னது இதுதான்: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை. சாதாரணச் சளி இருமல் தானாகவே அடங்கும். வெதுவெதுப்பாகத் தண்ணீர், கஞ்சி கொடுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, எஸ்டேட் லைன்): பாப்பாவுக்கு ஏழு வயசு. 5 மில்லி மூணு வேளைன்னு எழுதியிருக்கு. மூடி தொலைஞ்சு போச்சு. டீஸ்பூன்ல ஊத்தலாமாக்கா?

ஒரு அம்மா தன் வீட்டு ஸ்பூனைக் கடைக்கே எடுத்து வந்தார். தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தோம். ஏழரை மில்லி! மூன்று நாளாக ஒவ்வொரு வேளையும் ஒன்றரை மடங்கு போயிருக்கிறது. அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அதிலிருந்து ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்காமல் யாரையும் அனுப்புவதில்லை. சில ரூபாய்தான். கோடு கண்ணுக்கு நேராக இருக்கட்டும். கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வேறு சளி சிரப்பும் கூடவே வேண்டாம், ஒரே மருந்து இரண்டிலும் இருக்கலாம்.

கேள்வி (மஞ்சூர், ஒரு பாட்டி): நாங்கெல்லாம் சர்க்கரையில ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் குடுத்துத்தான் பிள்ளை வளர்த்தோம். இப்ப ஏன்மா கூடாதுங்கிறாங்க?

பாட்டி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. நம்ம மலையின் இலையைக் காய்ச்சி வடித்ததுதான், எங்கள் வீட்டிலும் பாட்டில் உண்டு. ஆனால் நீலகிரித் தைலம் வயிற்றுக்குள் போகக்கூடாது. குழந்தை கொஞ்சம் கூடுதலாக விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். ரெண்டு சொட்டு என்று சாய்க்கும் கை நடுங்கினால் என்ன ஆகும்? கைக்குழந்தைக்கு மூக்கருகே தடவினாலும் மூச்சு திணறலாம். சூடம் தடவுவதும் அப்படித்தான். தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி (கூடலூர்): பத்து மாசக் குழந்தைக்குத் தேன்?

ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயதுக்கு மேல், படுக்கும் முன் அரை டீஸ்பூன் போதும்.

கேள்வி (ஊட்டி): சிந்த்வாரா செய்திக்கு அப்புறம் எந்த சிரப்பைத் தொடவும் பயமா இருக்கு.

பயம் நியாயமானது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத நஞ்சு, நம் மாநிலச் சோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. சுவையிலோ நிறத்திலோ அது தெரியாது. டாக்டர் எழுதியதை மட்டும், பில்லோடு வாங்குங்கள். பேட்ச் எண் உள்ள அட்டையை வைத்திருங்கள். மருந்து குடித்த குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தால் ஒரு வேளையும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (குந்தா): ராத்திரி பஸ் கிடையாது. எப்பதான் கிளம்பணும்?

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 வந்தாலோ தாண்டினாலோ அது வெறும் சளி இல்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை பார்க்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். வண்டி கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறி வர நேரமாகும். அதுவரை குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து வைத்திருங்கள். அறையில் கணப்புச் சட்டி இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள்.