‘நோ நத்திங்’ ஆவணங்களை எந்தப் பெயரில் தேடுவது?

நண்பரே, 1850களில் அமெரிக்காவில் குடியேறிகளையும் கத்தோலிக்கர்களையும் எதிர்த்த ‘நோ நத்திங்’ (Know Nothing) இயக்கத்தை, ஆவணக் காப்பகப் பட்டியலில் அந்தப் பெயரிலேயே தேடி ஒன்றும் சிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிக்கல் பெயரில்தான். இயக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. அதை வைத்து வெளியில் இருந்தவர்கள் ஒட்டிய பட்டப்பெயர் அது. அவர்களுடைய கட்சியின் பெயரான ‘அமெரிக்கன் பார்ட்டி’, ரகசியச் சங்கத்தின் பெயரான ‘ஆர்டர் ஆஃப் தி ஸ்டார் ஸ்பேங்கிள்ட் பேனர்’ என்று தேடிப் பாருங்கள். ‘கவுன்சில்’ என்ற சொல்லையும் விடாதீர்கள், உள்ளூர்க் கிளையை அப்படித்தான் அழைத்தார்கள். ஒரு குறிப்பேட்டின் அட்டையில் கட்சிப் பெயரே இல்லாமல் ஊர்ப்பெயரும் கவுன்சில் எண்ணும் மட்டும் இருக்கலாம்.

ரகசியச் சங்கத்தின் தாள்கள் கிடைக்காவிட்டால், அவர்கள் ஆட்சிக்கு வந்த இடத்துக்குப் போங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1854 தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஹென்றி கார்ட்னர் ஆளுநரானார், சட்டமன்றமும் ஏறக்குறைய முழுவதுமாக அவர்கள் கைக்கு வந்தது. 1855இல் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களைச் சோதனையிட ஒரு குழுவையே அமைத்தார்கள். அதெல்லாம் அரசாங்கப் பதிவு, மறைக்க வழியில்லை. என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

அப்புறம், பாஸ்டனின் ஐரிஷ் கத்தோலிக்கப் பத்திரிகை ‘தி பைலட்’டையும் கூடவே வாசியுங்கள். அடிபட்டவர்களின் குரல் கவுன்சில் குறிப்பேடுகளில் இருக்காது.